நம் கம்புப் பயிற்சிக் குழு, செபு, பிலிப்பைன்ஸ்: 2024 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுத் தொடக்கத்தில் 19 பேர் இருந்தோம். மருத்துவம் படித்து முடித்த 6 பேர் ஊர் திரும்பினார்கள், 10 பேர் புதிதாகச் சேர்ந்தார்கள்; இப்போது 23. பயிற்சி 41 ஞாயிறுகள் நடந்தது. மழையும் தேர்வும் மற்றவற்றை எடுத்துக்கொண்டன. ஜனவரியில் சினுலோக் திருவிழா ஞாயிறன்று ஒருவரும் வரவில்லை. செயலாளரும் வரவில்லை.

நாம் பழகும் பிலிப்பைன்ஸ் கம்புச் சண்டைக்குப் பலகையில் என்ன பெயர் எழுதுவது என்ற கேள்வி சென்ற பொதுக்குழுவில் முடியாமல் நின்றது. செபுவாசிகள் நமக்கு இது எஸ்கிரிமா. மணிலாவில் வேலை பார்த்து வந்தவர்களுக்கு ஆர்னிஸ். அமெரிக்காவில் கற்ற ஒருவர் காளி என்றுதான் எழுத வேண்டும் என்றார். மகனைப் பார்க்க மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா, "கோயிலா கட்டுறீங்க?" என்று கேட்டார், அந்த யோசனை அத்தோடு போயிற்று. (நம் காளிக்கும் இந்தக் காளிக்கும் தொடர்பு காட்ட ஆதாரம் கிடையாது. சிலம்பம்தான் கடல் தாண்டி வந்து இப்படி ஆனது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் அன்பர்களுக்கும் இதே பதில்.) எஸ்கிரிமாவும் ஆர்னிஸும் ஸ்பானிய மொழி வழி வந்த சொற்கள்: முன்னது வாள்வீச்சு, பின்னது கவசம். 2009-இல் வந்த 9850-ஆம் எண் சட்டம் ஆர்னிஸைத் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்தபோது, எஸ்கிரிமா, காளி, கரோத்தே எல்லாம் அதற்கே உள்ள வேறு பெயர்கள் என்று எழுதிவிட்டது. ஆக, எதை எழுதினாலும் தப்பில்லை. இருக்கும் ஊர் செபு என்பதால் ‘எஸ்கிரிமா’ என்று எழுதிவிட்டோம்.

பெயரை விடப் பெரிய தலைவலி பாணிகள். இந்த ஊருக்குள்ளேயே இரண்டு பெரிய வீடுகள் உண்டு. சாவெத்ரா, கான்யெத்தே குடும்பத்தார் 1932-இல் தொடங்கிய டோசே பாரெஸ் ஒன்று. ‘பன்னிரு வீரர்’ என்று பொருள். பிரெஞ்சு மன்னர் சார்லமேன் கதைகளில் வரும் பன்னிருவர். அதிலிருந்து 1950களின் தொடக்கத்தில் பிரிந்து போனவர் வெனான்சியோ ‘அன்சியோங்’ பாகோன். அவருடைய ஆட்கள் கூடிப் பழகிய தெருவின் பெயர் பாலிந்தவாக். தெருப் பெயரே பாணிப் பெயராயிற்று.

எந்தத் தூரத்தில் நின்று அடிக்கிறாய் என்று சொன்னால் பாணியைச் சொல்லிவிடலாம் என்பது நம் ஆசான் மனோய் போடும் கணக்கு. தூரம் லார்கோ, இடைத்தூரம் மேதியோ, நெருக்கம் கோர்தோ. பாலிந்தவாக் நெருக்கத்துக்கே பிறந்தது. ஒரே கம்பு; இடது கை சும்மா இருக்காது, எதிராளியின் கையையும் கம்பையும் தட்டி, அமுக்கி, விலக்கிக்கொண்டே இருக்கும். டோசே பாரெஸில் ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, கம்போடு குத்துவாள் என எல்லாத் தூரமும் எல்லா ஆயுதமும் உண்டு. நம்மில் சிலம்பம் தெரிந்த மூன்று பேர்தான் பாலிந்தவாக்கில் அதிகம் திணறினார்கள். நெற்றி உயரக் கம்பைப் பிடித்து ஆளைக் கிட்டவே விடாமல் பழகிய கால், 28 அங்குலப் பிரம்போடு மூச்சுக்காற்று படும் தூரத்தில் நில் என்றால் தானாகப் பின்னே போகிறது.

விருந்தினராக வந்த ஆசிரியர்களால் குழப்பம் இன்னும் கூடியது. நெக்ரோஸ் தீவில் பிறந்த ரெமி பிரேசாஸ் அமைத்த மாடர்ன் ஆர்னிஸை ஒருவர் இரண்டு மாதம் சொல்லிக் கொடுத்தார். பழைய முறையில் எதிராளியின் கையையே குறி வைப்பார்கள். ஆயுதம் ஏந்திய கை போனால் அவன் பல் பிடுங்கிய பாம்பு. கற்க வரும் பிள்ளைகளின் விரல் தாங்காது என்று பிரேசாஸ் பயிற்சியில் கம்பைக் கம்பால் அடிக்க வைத்தார். இரட்டைக் கம்பில் சினவாலி என்று ஒன்று உண்டு. சவாலி என்பது இங்கே சுவருக்கு வைக்கும் மூங்கில் தட்டி. அதை முடைவது போல இரண்டு கம்பும் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். சிறுவர்களுக்கு இதுதான் உயிர். அடுத்து வந்தவர் சொல்லிக் கொடுத்தது பெக்கிட்டி-திர்சியா. நெக்ரோஸைச் சேர்ந்த தோர்த்தால் குடும்பத்தின் சொத்து அது. கையில் இருப்பது கம்பானாலும் கத்தி என்றே நினைக்கச் சொன்னார்.

விளைவு என்ன? அடிகளுக்கு ஒவ்வொரு பாணியும் தன் எண்ணைத் தருகிறது. மாடர்ன் ஆர்னிஸில் ஐந்து என்றால் வயிற்றில் குத்து. வேறு சில பாணிகளில் ஐந்து மேலிருந்து தலையில் இறங்கும். ஆகஸ்டில் ஒரு நாள் நான் "ஐந்து!" என்று குரல் கொடுக்க, பாதிப்பேர் குத்த, பாதிப்பேர் ஓங்க, இரண்டு விரல்கள் வீங்கின. ஆண்டின் காயக் கணக்கில் இதுவே பெரியது.

ஏப்ரல் 27 அன்று 14 பேர் மக்தான் தீவுக்குப் போய்வந்தோம். 1521-இல் அதே நாளில் தீவின் தலைவர் லாப்புலாப்புவின் ஆட்கள் கடலோடி மகெல்லனைக் கொன்ற கரை அது. வெயில் கொளுத்தியது, புகைப்படங்கள் நன்றாக வந்தன.

கம்புகள் பற்றி. புதிதாக வாங்கிய 20 பிரம்புகளில் 7-ஐ வண்டு துளைத்திருந்தது. கடைக்காரர் மாற்றித் தரவில்லை. இனி மனோயைக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். நல்ல பிரம்பு அடிபட்டால் நாராகப் பிரியும், சிம்பாகத் தெறிக்காது. அதனால்தான் மூங்கிலை நாம் தொடுவதில்லை. மற்றக் கணக்குகளைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி என் முன்மொழிவு. ஓராண்டில் நான்கு பாணியைத் தொட்டோம், ஒன்றையும் பிடிக்கவில்லை. வரும் ஆண்டு முழுக்கப் பாலிந்தவாக் மட்டும் பழகலாம். மனோய்க்குக் கைவந்தது அது, இந்த ஊரிலேயே பிறந்ததும் கூட. சினவாலியை விட முடியாது என்று சிறுவர்கள் அழுதால், கடைசிப் பத்து நிமிடம் அவர்களுக்கு. விருந்தினர் வரட்டும், காட்டட்டும். நாம் உட்கார்ந்து பார்ப்போம். இதை இன்று வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் ஒன்று. குழுவுக்குச் சொந்தமான கமகோங் கட்டைக் கம்பு ஒரு ஜோடி அக்டோபரிலிருந்து காணவில்லை. யார் வீட்டில் இருந்தாலும் சரி, கேள்வி கேட்க மாட்டோம். அடுத்த ஞாயிறு கொண்டுவந்து பையில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்