ஆயில் டப்பா விஷயமா பாலுவுக்கு

டேய் பாலு,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, பதில் போட லேட்டாயிடுச்சு, கோச்சுக்காத. கண்ணாடி மாத்தினேன்டா, புது பவருக்குக் கண்ணு பழகறதுக்குள்ள ஒரு வாரம் ஒரே தலைவலி, எதையும் உக்காந்து படிக்க முடியல. இப்ப பரவால்ல. உன் பொண்ணு லைசென்ஸ் எடுத்துட்டான்னு படிச்சதும் சிரிப்புதான் வந்துச்சு, நீ மூணு தடவை ஃபெயிலாகி நாலாவது தடவை வாங்கின கதைய அவகிட்ட சொன்னியா இல்ல மறைச்சுட்டியா.

சரி மேட்டருக்கு வரேன். செகண்ட் ஹேண்ட்ல சின்ன கார் வாங்கியாச்சு, மொத ஆயில் நம்மளே பாத்து வாங்கிக் குடுக்கலாம்னு கடைக்குப் போனா அலமாரி முழுக்க டப்பா, ஒண்ணுல சிந்தடிக், இன்னொண்ணுல ஃபுல்லி சிந்தடிக், பக்கத்துல செமி சிந்தடிக், எது எடுக்கறதுன்னு தெரியாம வெறுங்கையோட வந்துட்டேன்னு எழுதியிருந்த. வந்ததே நல்லது. உன் மச்சினன் சொல்றான்ல, இருக்கறதுலயே விலை கூடினத, கெட்டியானத எடுத்து ஊத்து, இன்ஜின் சாகாதுன்னு, அதையே ஒரு காலத்துல நானும் நம்பினேன்.

அந்த வெள்ளை கார் ஞாபகம் இருக்கா, நம்ம நாலு பேர் ஏறினா மேட்டுல முனகுமே, அது. மேனுவல்ல ஆயில் கிரேடு, அதாவது எவ்ளோ கெட்டிங்கறது, 5டபிள்யூ-30ன்னு தெளிவா போட்டிருந்துச்சு. ஒரு மெக்கானிக், இது தண்ணியாட்டம் இருக்கும் சார், உள்ள நிக்காதுன்னு சொல்லி 20டபிள்யூ-50 ஊத்திட்டாரு. கேக்க எனக்கும் சரியாதான் பட்டுச்சு, கெட்டின்னா பலம்னுதானே நெனப்போம். அப்புறம் பாத்தா தினம் காலைல ஸ்டார்ட் பண்ணா ரெண்டு மூணு செகண்ட் மேல இருந்து டிக் டிக் டிக்னு சத்தம், வண்டி எடுக்கறப்ப மந்தம், பெட்ரோல் வேற கொஞ்சம் கூட குடிக்குது. அடுத்த தடவை சரியான கிரேடு ஊத்தினதும் சத்தம் போன இடம் தெரியல. இன்ஜின் ஒண்ணும் வெடிச்சுடலடா, ஆனா அந்த ஆயில் அந்த இன்ஜினுக்கு செஞ்சது இல்ல, அவ்ளோதான்.

ராத்திரி முழுக்க வண்டி நின்னா ஆயில் எல்லாம் கீழ சம்ப்ல, அதாவது இன்ஜின் அடித்தொட்டில, வந்து தேங்கிடும், காலைல பம்ப் அத மேல வால்வ் வரைக்கும் தள்ளணும், அதுக்குள்ள இரும்பும் இரும்பும் கிட்டத்தட்ட காஞ்சு போயி ஒரசும். கெட்டி ஆயில் மேல ஏற நேரம் எடுக்கும், அந்த டிக் டிக் அதுதான். டப்பாவுல டபிள்யூவுக்கு முன்னாடி இருக்கற நம்பர் இந்தக் குளிர் ஸ்டார்ட்டுக்கானது. டபிள்யூன்னா வெயிட் இல்லடா, வின்டர், எனக்கே ரொம்ப நாள் தெரியாது. 0டபிள்யூ ஆயில மைனஸ் 35 டிகிரில வச்சு டெஸ்ட் பண்ணுவாங்க, 5டபிள்யூவ மைனஸ் 30ல, 10டபிள்யூவ மைனஸ் 25ல. அவ்ளோ குளிராத இடத்துல 0க்கும் 5க்கும் வித்தியாசம் உனக்குக் காதுல கூட கேக்காது, அதுக்காக மண்டைய ஒடைச்சுக்காத.

ரெண்டாவது நம்பர்தான் முக்கியம். இன்ஜின் நல்லா சூடானப்புறம், அதாவது 100 டிகிரில, ஆயில் எவ்ளோ கெட்டியா நிக்குதுங்கறது அது. அத அளக்கற அலகு சென்டிஸ்டோக்ஸ், நம்பர் கூடினா கெட்டி. 20ன்னா 6.9ல இருந்து 9.3க்குள்ள, 30ன்னா 9.3ல இருந்து 12.5க்குள்ள, 40ன்னா 12.5க்கு மேல 16.3க்குள்ள. ரோட்ல வண்டி ஓடறப்ப இன்ஜின் பாக்கறது இந்த நம்பரத்தான். இப்ப வர்ற சின்ன இன்ஜின் நெறைய 0டபிள்யூ-20க்குன்னே டிசைன் பண்ணது, பேரிங் இடைவெளி, பம்ப், வால்வ் டைமிங்க மாத்தற சொலினாய்டுங்கற கரன்ட் வால்வ் எல்லாமே அந்த மெல்லிசு ஆயில் பிரஷர நம்பி வேலை செய்யுது, அதுல போயி 50 கிரேடு ஊத்தினா அது பாட்டுக்கு தடுமாறும். மேனுவல்லயே ரெண்டு மூணு கிரேடு அனுமதிச்சிருந்தா, வெயில் ஜாஸ்தி, ஆள் நெறைய ஏத்தி நீண்ட தூரம் போறேன்னா அதுக்குள்ள கெட்டியானத எடு, டவுனுக்குள்ளயே சுத்தறதுன்னா மெல்லிசு. மேனுவல்ல இல்லாதத எடுக்காத. உன் மச்சினன்ட்டயும் இதையே சொல்லு, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத.

சிந்தடிக்னா என்னன்னு கேட்டிருந்த. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஒரு காலத்துல சிந்தடிக்னா கெமிக்கலா மூலக்கூறு மூலக்கூறா கட்டினது, பிஏஓ, அதாவது பாலி ஆல்ஃபா ஓலிஃபின்னு சொல்வாங்க, அடிப்படை எண்ணெய்ங்கள வகை பிரிச்சதுல அது குரூப் 4. அப்புறம் கச்சா எண்ணெயில இருந்து வர்றதையே ஹைட்ரஜன் வச்சு ரொம்பக் கடுமையா சுத்திகரிச்சு குரூப் 3ன்னு ஒண்ணு கொண்டுவந்து அதுக்கும் சிந்தடிக்னு பேர் வச்சாங்க. அமெரிக்காவுல மொபில் கம்பெனி காஸ்ட்ரால் மேல இதுக்காக விளம்பரப் புகார் குடுத்தது, 1999ல முடிவு காஸ்ட்ரால் பக்கம் வந்துச்சு, குரூப் 3யும் சிந்தடிக்னே போடலாம்னு. இப்ப கடையில பாக்கற முக்காவாசி சிந்தடிக் அந்த குரூப் 3தான். அதனால ஏமாத்தறாங்கன்னு சொல்ல வரலடா, நல்ல குரூப் 3 ஆயில் சாதாரண வண்டிக்கு தாராளம். செமின்னா மினரலோட, அதாவது கச்சா எண்ணெயில இருந்து சாதாரணமா சுத்திகரிச்ச ஆயிலோட, கொஞ்சம் இத கலந்தது, எவ்ளோ கலந்திருக்குன்னு டப்பாவுல பெரும்பாலும் போட மாட்டாங்க, எனக்கு அது என்னமோ ஒட்டவே இல்ல.

ஆனா சிந்தடிக் வாங்கறதுல நிஜமாவே பலன் இருக்கு. சூட்டுல சீக்கிரம் ஆவியாகாது, கருகி பிசுபிசுன்னு கசடா படியாது, குளிர்ல சட்டுனு ஓடும். 0டபிள்யூ-20 வேணும்னா நீ ஆசைப்பட்டாலும் மினரல்ல கிடைக்காது.

பிராண்ட பாக்கறதுக்கு முன்னாடி டப்பா பின்னாடி ஏபிஐன்னு, அதாவது அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்டோட தரக்குறி, இருக்கும், அதுக்குப் பக்கத்துல ரெண்டு எழுத்து பாரு. எஸ்என் 2010ல வந்தது, எஸ்பி 2020ல, எஸ்க்யூ 2025ல. புதுசு பழசுக்குப் பொருந்தும், பழசு புதுசுக்குப் பொருந்தாது, பெட்ரோல் வண்டிக்கு இது ஒண்ணு ஞாபகம் வச்சா போதும். எஸ்பி வந்ததுக்கு முக்கியமான ஒரு காரணம் சின்ன டர்போ இன்ஜின்தான், கம்மி ஆர்பிஎம்ல ஆக்சிலேட்டர அமுக்கறப்ப பெட்ரோல் நேரத்துக்கு முன்னாடியே தானா பத்திக்கிட்டு பிஸ்டனே உடையற அளவுக்குப் போச்சு, ஆயில்ல இருக்கற கால்சியம் அதுக்கு ஒரு பங்கு காரணம்னு கண்டுபிடிச்சு கலவைய மாத்தினாங்க. உன்னது டர்போவா இல்லையான்னு நீ எழுதவே இல்ல. டர்போன்னா எஸ்பிக்குக் கீழ எடுக்காத. இன்னொண்ணு, டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளயே ஓடற இன்ஜின் சிலது இருக்கு, அதுல மேனுவல்ல போட்ட ஸ்பெசிஃபிகேஷன் நம்பர் எழுத்துக்கு எழுத்து பொருந்தணும், இல்லன்னா பெல்ட் ஊறி உதிர்ந்து ஆயில் வழிய அடைக்கும்.

பைக்குக்கு வாங்கின ஆயில் பாதி டப்பா மிச்சம் இருக்கு, அத ஊத்தலாமான்னு கேட்டிருக்கியே, உன்ன என்ன பண்றது. நீ ஸ்கூல்லயே பாதி பென்சில ஒட்ட வச்சு எழுதினவன்தானே. பைக்ல கிளட்ச் ஆயில்லயே ஊறிக்கிட்டு ஓடும், வழுக்கக்கூடாது, அதனால காருக்குப் போடற மாதிரி உராய்வு குறைக்கற சமாச்சாரம் அதுல சேக்க மாட்டாங்க, கிரேடும் வேற. ஊத்தாத.

செகண்ட் ஹேண்ட்ங்கறதால ஒண்ணு சொல்றேன், முன்னாடி வச்சிருந்தவர் என்ன ஊத்தினார், எப்ப ஊத்தினார்னு யாருக்கும் தெரியாது. ஃபில்டரோட சேத்து மாத்து, மொத தடவை மட்டும் 5000 கிமீலயே திரும்ப மாத்திடு, அப்புறம் மேனுவல்ல சொன்ன கணக்குக்கு வா. சிந்தடிக் ஊத்தினா ஒழுகும்னு யாராவது பயமுறுத்துவான். ஏற்கனவே செத்த சீல்ல, அதாவது ஆயில் வெளிய வராம தடுக்கற ரப்பர் வளையத்துல, கசடு அடைச்சு நின்னிருந்தா அது கரைஞ்சு ஒழுக்கு வெளிய தெரியலாம், நல்ல சீல ஆயில் ஒண்ணும் பண்ணாது. ரெண்டு நாள்ல கறுத்துப் போச்சுன்னு மாத்தவும் ஓடாத, அழுக்க தன்கிட்ட இழுத்து வச்சுக்கறது அதோட வேலை. உன் பொண்ணு தினம் ரெண்டு கிமீ போயி ரெண்டு கிமீ வரான்னு எழுதியிருந்தல்ல, கவலைப்படணும்னா அதுக்குப் படு. இன்ஜின் முழுசா சூடாகாம நின்னா தண்ணியும் பெட்ரோலும் ஆயில்ல சேந்துக்கிட்டே இருக்கும், கிமீ குறைவா ஓடினாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடணும். வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டச் சொல்லு.

ஊத்தறப்ப அளவு பாத்து ஊத்து, டப்பா காலியாகட்டும்னு கவுக்காத. சமதரையில நிறுத்தி, இன்ஜின் அணைச்சு அஞ்சு நிமிஷம் விட்டு, டிப்ஸ்டிக்க, அந்த அளவு பாக்கற கம்பிய, துடைச்சுட்டு விட்டுப் பாரு, ரெண்டு கோட்டுக்கு நடுவுல மேல் கோட்ட ஒட்டி நின்னா போதும். மேல போனா கிராங்க், அதாவது அடியில சுத்தற தண்டு, அதுல அடிச்சு நுரையாக்கும், நுரை எதையும் காப்பாத்தாது. மூடி சீல் உடையாம இருக்கான்னும் பாத்து வாங்கு, போலி நெறைய வருது.

மேனுவல் அந்த ஆள் குடுத்தாரா? இல்லன்னா கம்பெனி சைட்ல வண்டி வருஷமும் இன்ஜினும் போட்டா பிடிஎஃப் கிடைக்கும், ஆயில் மூடி மேலயே கிரேடு அச்சடிச்சிருந்தாலும் இருக்கும். அந்தப் பக்கத்த மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு, நான் பாத்து சொல்றேன், அதுவரைக்கும் கடைப்பக்கம் போகாத, மச்சினனையும் அனுப்பாத. உன் முழங்கால் வலி எப்படி இருக்குன்னு இந்தத் தடவையாவது ஒழுங்கா எழுது, போன லெட்டர்ல அத பத்தி ஒரு வரி, காரப் பத்தி மூணு பக்கம்.

உன்,
சேகர்