நான்கு மதிப்பெண்ணும் ஒரு சிவப்புக் கோடும்: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். விஷயம் உங்களுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு, சமூக அறிவியல். 'அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆங்கிலேயருக்கு எதிராக ஒன்றுதிரண்டது எப்படி?' ஐந்து மதிப்பெண். என் மகளுக்குக் கிடைத்தது ஒன்று. ஓரத்தில் சிவப்பு மையில், 'பாடத்தில் இல்லை'. மீதி நான்கைக் கொடுங்கள் என்று கேட்டு மூன்று முறை வந்துவிட்டேன்.

அவள் எழுதியதில் என்ன தப்பு? 1772 நவம்பரில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பாஸ்டன் நகரக் கூட்டம், அவ்வூர் அரசியல் தலைவர் சாமுவேல் ஆடம்ஸின் முயற்சியில், 21 பேர் கொண்ட கடிதத் தொடர்புக் குழுவை அமைத்தது. ஆளுநருக்கும் நீதிபதிகளுக்கும் இனி ஆங்கிலேய அரசரே சம்பளம் கொடுப்பார் என்ற சேதிதான் அதற்குக் காரணம். சம்பளம் கொடுப்பவர் பக்கம்தானே பேசுவார்கள் என்று ஊருக்குப் பயம். குழு தன் குறைகளை அச்சடித்து, உங்கள் கருத்து என்ன என்று கேட்டு, 600 பிரதிகளை மாசசூசெட்ஸ் ஊர்களுக்கு அனுப்பியது. ஊர்க்கூட்டத்தில் ஒருவர் அதை உரக்கப் படிப்பார். விவாதம் நடக்கும். பிறகு ஊரின் பெயரால் பதில் போகும். சில மாதங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் பதில் எழுதின. 1773 மார்ச்சில் வர்ஜீனியா சட்டமன்றமும் ஒரு குழு அமைத்து, மற்றக் குடியேற்றங்களையும் அப்படியே செய்யச் சொன்னது.

அந்த ஆண்டு டிசம்பர் 16 இரவு, ஆங்கிலேயரின் தேயிலை வரியை எதிர்த்து, பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் விழுந்தது எல்லோருக்கும் மனப்பாடம். மறுநாளே பால் ரிவியர் என்ற பாஸ்டன் வெள்ளித் தட்டான் அந்தச் சேதியோடு நியூயார்க்குக்குக் குதிரையேறியதை யாரும் கேட்பதில்லை. அந்தக் குதிரை கிளம்பாவிட்டால் அது வெறும் துறைமுகத் தகராறு. 1774 செப்டம்பரில் 12 குடியேற்றங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்களே, ஜோசியம் பார்த்தா வந்தார்கள்?

இவ்வளவையும் ஒன்றரைப் பக்கத்தில் எழுதி, 'கடிதம் போனது பெரிதல்ல, பதில் வந்தது' என்ற வரியை மட்டும் அடிக்கோடிட்டிருந்தாள். உங்கள் சிவப்புக் கோடு சரியாக அந்த வரியின் மேல்தான் ஓடுகிறது. விடைத்தாள் வந்த நாளிலிருந்து வகுப்பில் வாய் திறப்பதில்லையாம். 'புக்குல இருக்கறத மட்டும் எழுதிடறேன்பா' என்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆகவே அந்த நான்கு மதிப்பெண்ணைக் கொடுங்கள்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கேட்கலாம் என்று போனேன். 'அட்மின் மட்டுமே செய்தி அனுப்ப முடியும்.' கட்டண நினைவூட்டல் வரும், சீருடைக் கடை முகவரி வரும், எங்கள் பதிலுக்கு மட்டும் இடமில்லை. ஒரு வகையில் பாராட்டத்தான் வேண்டும். அன்றைய ஆங்கிலேய அரசர் மூன்றாம் ஜார்ஜுக்குத் தோன்றாத யோசனை. அவர் காலத்தில் ஊர்கள் ஒன்றுக்கொன்று எழுதிக்கொள்ளவாவது முடிந்தது. இங்கே அடுத்த பெஞ்சுப் பிள்ளையின் அப்பாவைப் பிடிக்க நான் கேட் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. நின்றேன். அவர் மகனுக்கும் இதே கேள்வியில் இதே சிவப்பு மை.

சரி, வந்த விஷயத்தை விட்டுவிட்டேன். திருத்திய ஆசிரியர்மீது எனக்குக் கோபமில்லை, கட்டுக்கட்டாகத் திருத்துகிறார். விடைக்குறிப்பைத் தாண்டி மதிப்பெண் போட அவருக்கு அனுமதி உண்டா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த விடையை இன்னொருவரிடம் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். மதிப்பெண்ணைத் தயவுசெய்து திருத்திக் கொடுங்கள்.

வியாழக்கிழமை காலை மறுபடி வருகிறேன். விடைத்தாளை எடுத்து வைத்திருந்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை