கை ஹாரனுக்குப் போகுமுன் கால் பிரேக்குக்குப் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலியிலிருந்து பாபநாசம், தென்காசி, திருச்செந்தூர், நாகர்கோவில் தடங்களில் 31 ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். கண்புரை அறுவைக்குப் பிறகு வண்டியைத் தொடுவதில்லை. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கும் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கும் நடந்தே போய்வருகிறேன். இருக்கையில் அமர்ந்து பார்த்த அதே சாலையை ஓரத்தில் நின்று பார்க்கும்போது, என் தொழிலைச் சேர்ந்தவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

முருகன்குறிச்சியிலோ வண்ணார்பேட்டையிலோ காலை ஒன்பது மணிக்கு ஜீப்ரா கோட்டின் முனையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கோட்டைக் கண்டு வேகத்தைக் குறைக்கும் வண்டி அரிது. நாம் ஒரு காலை எடுத்து வைத்தால் எதிரே வருபவர் முகப்பு விளக்கை இரண்டு முறை அடித்துக் காட்டுகிறார். 'நீங்கள் போங்கள்' என்பதல்ல அதன் பொருள். 'நான் வந்துகொண்டிருக்கிறேன், நீ நில்' என்பதே பொருள். அதையும் மீறி நடப்பவர் கையை நீட்டி, கும்பிடாத குறையாக ஓட்டுநர்களைக் கெஞ்சிக்கொண்டே கடக்கிறார். தனக்கென்று வரையப்பட்ட கோட்டில் நடப்பதற்கு ஒருவர் ஏன் கெஞ்ச வேண்டும்?

இது நல்லெண்ணத்தின் பேரில் செய்யும் உதவி அன்று. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகள், சிக்னல் இல்லாத இடத்தில் பாதசாரிகள் கடக்கும் கோட்டை நெருங்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, நின்று, நடப்பவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்று சொல்கின்றன. முன்னால் நெரிசல் இருந்து, ஏறினால் கோட்டின் மேலேயே நிற்க நேரும் என்றால் ஏறவே கூடாது. எல்.எல்.ஆர். தேர்வில் பாதசாரிகள் கோடு பற்றிய கேள்விக்கு நம் பையன்கள் எல்லோரும் சரியான விடையைத்தான் தொட்டுவிட்டு வருகிறார்கள். ஆகவே தெரியாமல் நடக்கும் தவறு என்று இதைச் சொல்ல முடியாது. தலைக்கவசம் அணியாததற்கு 1,000 ரூபாய் கட்டியவர்களை எனக்கு நிறையத் தெரியும். கோட்டில் நிற்காததற்கு அபராதம் கட்டிய ஒருவரை இதுவரை நான் சந்தித்ததில்லை.

இவ்வளவு பேசுகிற நானும் அப்படி ஓட்டியவன்தான். வேலைக்குச் சேர்ந்து நான்கைந்து ஆண்டுகள் ஆன சமயம், ஒரு பள்ளிக்கூடத்தை அடுத்த கோட்டில் வயதான அம்மா ஒருவர் பாதித் தூரம் வந்துவிட்டார். நான் வேகத்தைக் குறைக்காமல் ஹாரனை அழுத்தினேன். அவர் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்து, சாலை நடுவிலிருந்த கட்டைச் சுவரில் கால் தடுக்கி விழுந்தார்; மணிக்கட்டு முறிந்தது. என் பேருந்து அவர்மேல் படவே இல்லை. வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. 'நான் மோதவே இல்லையே' என்று அன்று இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த நடத்துநர் அதையெல்லாம் கேட்டுவிட்டு, டிரிப் முடிந்து டீ குடிக்கும்போது, "கை ஹாரனுக்குப் போன நேரத்துல காலு பிரேக்குக்குப் போயிருக்கலாம்லா தம்பி" என்றார். அதற்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை.

ஹாரன் அடித்துவிட்டால் கடமை முடிந்தது என்ற நினைப்பு வேறெந்த ஊரில் இருந்தாலும் பாளையங்கோட்டையில் இருக்கக்கூடாது. காது கேளாத பிள்ளைகளுக்கும் கண் பார்வை இல்லாத பிள்ளைகளுக்கும் நூறாண்டுகளுக்கு மேலாகப் பள்ளிகள் நடக்கும் ஊர் இது. மாலையில் சீருடையோடு கையால் பேசிக்கொண்டு சாலையைக் கடக்கும் பிள்ளைகளுக்கு நம் ஹாரன் எந்தச் செய்தியையும் சொல்வதில்லை. வெள்ளைக்கோலோடு வருபவருக்கோ அது எல்லாத் திசையிலிருந்தும் கேட்கிறது. எந்த வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. இவர்கள் நம்பியிருப்பது அந்த வெள்ளைக் கோடுகளையும், அங்கே வண்டி நிற்கும் என்ற எண்ணத்தையும்தான்.

நிற்பதிலும் ஒரு முறை இருக்கிறது; இதைப் புதிய ஓட்டுநர்களுக்காகவே சற்று விரித்துச் சொல்கிறேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிவிடும். ஆளைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த ஒரு நொடி போய்விடுகிறது. வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆகையால் கோடு கண்ணில் பட்டதுமே, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். நிற்கும்போது கோட்டை ஒட்டி நிற்காமல் நாலடி தள்ளி நிற்க வேண்டும். பேருந்தும் லாரியும் கோட்டை ஒட்டி நின்றால் அவை நடப்பவரை முழுக்க மறைத்துவிடும். பின்னால் பைக்கில் வருபவர், 'இந்த வண்டி ஏன் நிற்கிறது' என்று யோசிக்காமல் வலதுபக்கமாக வளைத்துக்கொண்டு பாய்வார். பேருந்திலிருந்து இறங்கிய பயணிகள் அதன் முன்பக்கமாகவே சாலையைக் கடக்கும்போது நேரும் விபத்துகளில் பல இப்படி நடந்தவை. நின்றிருக்கும் வண்டியைக் கோட்டருகே முந்துபவர், தனக்குத் தெரியாத ஓர் ஆளின் மேல் பந்தயம் கட்டுகிறார்.

நடைபாதையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் பல இடங்களில் நடைபாதை என்பது சாக்கடைமேல் போட்ட சிமென்ட் பலகைதான். அதையும் இருசக்கர வாகனங்கள் நிறுத்துமிடமாக்கிவிட்டோம். நெரிசல் நேரத்தில் அதன்மேலேயே வண்டியை ஏற்றி ஓட்டுகிறவர்களும் உண்டு. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடர்ந்த வழக்கில், நடைபாதையைப் பயன்படுத்துவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது. நடைபாதையில் வண்டியை நிறுத்தியவர் அந்த உரிமையைப் பறித்து, கைக்குழந்தையோடு வருபவரைத் தார்ச்சாலைக்கு இறக்கிவிடுகிறார். மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் மட்டும் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர்.

நடப்பவர்கள் மட்டும் ஒழுங்கா, கண்ட இடத்தில் குறுக்கே பாய்கிறார்களே என்று கேட்பார்கள். உண்மைதான், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறவர்களை நானும் பார்க்கிறேன். ஆனால் கோட்டில் நின்றாலும் வண்டி நிற்கப்போவதில்லை என்று அறிந்தவர், கோடு இருக்கும் இடம்வரை எதற்காக நடந்து போவார்? ஓட்டுநர்கள் சொல்லும் அடுத்த காரணம் நேரம். டிரிப் நேரத்துக்கு ஓடியவன் என்ற முறையில் அந்த நெருக்கடி எனக்குத் தெரியும். அதை நேரம் வகுப்பவர்களிடம் பேசித் தீர்க்க வேண்டுமே தவிர, கோட்டில் நிற்கும் கிழவியிடம் வசூலிக்கக் கூடாது. ஒரு கோட்டில் நின்றால் போவது பத்து, பதினைந்து நொடி. கொக்கிரகுளம் தாண்டுவதற்குள் அதைவிட அதிகமாக நெரிசலில் நின்றுவிடுகிறோம்.

பள்ளிகள் ஜூனில் திறக்குமுன், அழிந்துபோன கோடுகளைப் புதிதாகத் தீட்டுமாறு சாலைக்குப் பொறுப்பானவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஓட்டுநர் பயிற்சி தருபவர்களிடம் வேறொரு கோரிக்கை உண்டு. பயிற்சியில் ஒரு நாளாவது ஆட்களை வண்டியிலிருந்து இறக்கி, மாலை நான்கரை மணிக்கு, கையில் ஒரு மளிகைப் பையோடு, சிக்னல் இல்லாத ஒரு கோட்டில் பத்துத் தடவை சாலையைக் கடக்கச் சொல்லுங்கள். பயிற்சியாளரும் கூடவே நடக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர்,
பாளையங்கோட்டை.