அந்தக் கல்மேடை காலியாகவே இருக்கட்டும்

ஜப்பானின் தகமட்சு மாநகர நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

உங்கள் ஊர்க் கோட்டையை, இப்போதைய தமமோ பூங்காவை, சுற்றிப் பார்த்த வெளியூர்க்காரன் எழுதுகிறேன். அகழி என்றால் பாசி படிந்த நன்னீர்தான் இருக்கும் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். உள்ளே கடல்மீன்! ஜப்பானிய மொழியில் 'தாய்' என்று பெயர், நம்மூர்ச் சங்கரா மாதிரி இருக்கும். தீனி போட்டதும் பாய்ந்து வந்தன. மதகு வழியாக 'செட்டோ' என்னும் உள்கடலின் தண்ணீரே அகழிக்குள் வருகிறது, ஓதத்தோடு ஏறி இறங்குகிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. இமபாரி, நகட்சு கோட்டைகளோடு சேர்த்து ஜப்பானின் மூன்று பெரிய கடல்நீர்க் கோட்டைகளில் ஒன்றாக இதைச் சொல்வது சும்மா இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1884இல் இடித்த தலைமைக் கோபுரத்தைத் திரும்பக் கட்டும் யோசனை உங்களிடம் நெடுநாளாக இருக்கிறது. ஆசை புரிகிறது. போரில் எரிந்துபோன சகுரா வாயிலை 2022இல் மீட்டெடுத்தீர்கள், அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் கோபுரத்தின் கதை வேறு. 1882இல் எடுத்த புகைப்படம் ஒன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் கிடைத்ததால், கீழ்த்தளத்தைவிட மேல்தளம் வெளியே துருத்தி நின்ற அந்த விசித்திர உருவம் தெரிகிறது. உள்ளே தூண் எங்கே, படி எங்கே என்பதற்குப் போதிய சான்று இல்லையே! ஊகத்தை மரத்தில் செதுக்கி வைத்தால், பிறகு வருகிறவர்கள் அதையே வரலாறு என்று நம்பிவிடுவார்கள்.

கூரை போட்ட மரப்பாலத்தைத் தாண்டி, கோபுரம் நின்ற அந்தக் கல்மேடைமேல் ஏறினேன். கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி அடுக்கியிருக்கிறீர்கள். துறைமுகமும் படகுகளும் தெரிந்தன, காற்றில் உப்பு வாடை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்த உழைப்பையும் பணத்தையும் வடக்குப் பக்கம் திருப்பலாமே! 1676இல் எழுந்த ட்சுகிமி காவல் மாடம் அங்கே அசலாகவே நிற்கிறது. இன்று பெயரை 'நிலாப் பார்ப்பது' என்று எழுதுகிறார்கள். ஆனால் வந்து சேரும் கப்பல்களைப் பார்ப்பதுதான் அதன் வேலை. பக்கத்திலேயே நீர்வாயில். பிரபு படகிலிருந்து இறங்கி நேராகக் கோட்டைக்குள் நுழைந்த வாசல் அது. இப்போது வாயிலுக்கு வெளியே கடலைத் தூர்த்த நிலம், அதன்மேல் சாலை. இரண்டு முறை கடந்து போயும் அது படகுத்துறை வாசல் என்று எனக்கு உறைக்கவில்லை.

கடலைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. பழைய கரை எதுவரை இருந்தது என்று நடைபாதையில் நீலக் கல்லால் ஒரு கோடு, மதகருகே அன்றைய ஓத நேரம் எழுதிய பலகை, அவ்வளவுதான் கேட்கிறேன். பலகை வந்துவிட்டால், அடுத்த முறை நேரம் பார்த்து வந்து அகழியில் கடல் ஏறுவதை நின்று பார்ப்பேன்.

அன்புடன்,
ஒரு பயணி