டார்வின் மேல் மட்டும் பழி போடாதே, கண்ணு

கோத்தகிரி

அன்புள்ள கண்ணுக்கு,

நீ நலம்தானே? அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம். உறைபனிக் காலம் தொடங்கிவிட்டது. ஊட்டிப் பக்கம் புல்வெளி காலையில் வெளுத்துக் கிடக்கிறதாம்.

அன்று போனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். உன் வகுப்பில் ஒருவர், "டார்வின் இல்லாவிட்டால் ஹிட்லர் இல்லை" என்கிறார். இன்னொருவர், "பரிணாமம் உண்மையென்றால் அறம், நீதி எல்லாம் நாமே கட்டிக்கொண்ட கதைதான், இனங்களுக்குள் ஏற்றத்தாழ்வு இருப்பதும் இயற்கைதான்" என்கிறார். நீ இரண்டு பேருக்கும் பதில் சொல்லி செமினாரில் பேச வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரிணாமப் பாடம் நடத்தியே பணி ஓய்வு பெற்றவள் நான். இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அவர்கள் எதிரெதிராகப் பேசுவது போலத் தெரிந்தாலும், சறுக்குவது ஒரே இடத்தில்தான். உயிர்கள் எப்படி வந்தன என்பதிலிருந்து, மனிதர் எப்படி வாழ வேண்டும் என்பதற்கு நேராகத் தாவிவிடுகிறார்கள். அந்தத் தாவலுக்குப் பரிணாமத்தில் எந்த ஆதாரமும் கிடையாது. டார்வினுக்காகக் களத்தில் இறங்கிச் சண்டை போட்ட தாமஸ் ஹக்ஸ்லியே 1893இல் ஆக்ஸ்ஃபோர்டில் இதைச் சொல்லிவிட்டார். இயற்கை நடக்கும் வழியைப் பார்த்து நாமும் நடப்பது அறமாகாது, அதை எதிர்த்து நிற்பதில்தான் அறம் இருக்கிறது என்பது அவர் பேச்சின் சாரம். முழுக்க எதிர்க்க வேண்டுமா என்பதில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. ஒருவருக்கொருவர் உதவுவதும் இயற்கையில் உண்டுதானே? ஆனால் உதவி இயற்கையில் இருப்பதால்தான் அது நல்லது என்று சொன்னாலும் அதே தாவல்தான்.

சரி, இனங்களை மேல், கீழ் என்று அடுக்கும் இந்த ஏணி டார்வினுக்கு முன்னால் இல்லையா? பிரான்ஸில் கோபினோ வெள்ளை இனம்தான் உயர்ந்தது என்று தொகுதி தொகுதியாக எழுதியது 1853க்கும் 1855க்கும் இடையில். பரிணாமத்தைப் பற்றி டார்வின் எழுதிய முதல் நூல் வந்தது 1859இல். அவ்வளவு தூரம் போவானேன், நம் மலையிலேயே பார். 1873இல் வில்லியம் மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி தோடர்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். மண்டையின் மேடு பள்ளத்தைப் பார்த்தே ஒருவருடைய குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பியவர்களில் அவரும் ஒருவர். புத்தகத் தலைப்பிலேயே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டார். அந்த மண்டைச் சாத்திரம் டார்வின் பிறப்பதற்கு முன்பே ஐரோப்பாவில் கிளம்பிவிட்டது. ஊட்டிக்கு வந்தவர்கள் ஏணியைக் கையோடு கொண்டுவந்தார்கள். அதில் எந்தப் படியில் யாரை நிறுத்துவது என்பதுதான் அவர்களுக்குப் பாக்கி இருந்தது.

அப்புறம் எட்கர் தர்ஸ்டன் வந்தார். சென்னை மியூசியத்தின் கண்காணிப்பாளர். தோடர், கோத்தர் உடலளவுகளை எடுத்து 1896இல் வெளியிட்டார். 1909இல் தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதிகள். அந்தக் காலத்து அளவை எப்படி எடுப்பார்கள் தெரியுமா? மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். எண் குறைந்தால் மூக்கு கூர், எண் கூடினால் மூக்கு அகலம். அதோடு நின்றிருந்தால் குற்றமில்லை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கு அகலமாக அகலமாகச் சமூகத்தில் அந்தஸ்து குறைகிறது என்று விதியே எழுதிவிட்டார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாக இருந்தவரும் அவர்தான். கருவி சொன்னது ஓர் எண் மட்டும். அந்தஸ்து அவர் தலைக்குள் இருந்தது. அம்பேத்கர் 1948இல் தீண்டாமையின் தோற்றத்தைப் பற்றி எழுதியபோது அதே மூக்களவுக் கணக்கை எடுத்துவைத்து, பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம்தான் என்று காட்டினார். இதை உன் செமினாரில் கட்டாயம் சொல்.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நம் மலை மக்களைப் புனிதராக்கியது போலாகிவிடும். கோத்தர் பானையும் இரும்புச் சாமானும் கொடுப்பார்கள், தோடர் பாலும் நெய்யும் கொடுப்பார்கள், படகர் தானியம் கொடுப்பார்கள், குறும்பர் காட்டுப் பொருள் கொடுப்பார்கள் என்று படித்திருக்கிறாய். அதே மலையில்தான் குறும்பர்கள் சூனியம் வைக்கிறார்கள் என்று பயந்து அவர்களைக் கூட்டமாகக் கொன்றதும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்திருக்கிறது. கொன்றவர்கள் யாரும் டார்வினைக் கேள்விப்பட்டவர்கள் இல்லை.

அதற்காக டார்வின் கை சுத்தம் என்று சொல்லிவிடாதே. உன் முதல் நண்பர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. டார்வின் அடிமை முறையை மனதார வெறுத்த குடும்பத்தில் பிறந்தவர். எடின்பரோவில் பறவைகளைப் பாடம் செய்ய அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஜான் எட்மன்ஸ்டன், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மனிதர். பிரேசிலில் அடிமைகள் படும் பாட்டைப் பார்த்துக் கொதித்து எழுதியிருக்கிறார். அதே டார்வின் 1871இல் மனிதனின் தோற்றம் பற்றிய நூலில், நாகரிக இனங்கள் காட்டுமிராண்டி இனங்களை உலகெங்கும் அழித்துவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று, மழை வரும் என்பது போலச் சாதாரணமாக எழுதிக்கொண்டு போகிறார். தோடரும் இருளரும் அந்தப் பட்டியலில்தான் வருவார்கள். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அந்த நூலிலேயே அம்மைத் தடுப்பூசி பற்றி ஓரிடம் வருகிறது. முன்பெல்லாம் அம்மையில் செத்துப்போயிருக்கக்கூடிய பலவீனமானவர்களைத் தடுப்பூசி ஆயிரக்கணக்கில் காப்பாற்றிவிடுகிறது, அவர்கள் பிள்ளை பெறுவது மனித இனத்துக்குக் கேடு என்கிறார். அடுத்த சில வரிகளிலேயே, அந்த இரக்கத்தை அடக்கினால் நம் இயல்பில் உள்ள மிக உயர்ந்த பகுதியே கெட்டுப்போகும் என்றும் சொல்கிறார். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டார்கள். குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907இலிருந்து இருக்கிறது. நாய் கடித்த எந்தக் குழந்தையையாவது "நீ பிழைக்கத் தகுந்தவனா" என்று கேட்டுவிட்டா ஊசி போடுகிறார்கள்? மருத்துவம் என்று ஒன்று இருப்பதே அந்த இரண்டாவது பாதியில் டார்வின் சொன்ன இரக்கத்தால்தான்.

தக்கது பிழைக்கும் என்ற சொற்றொடரை 1864இல் உருவாக்கியது ஹெர்பர்ட் ஸ்பென்சர். டார்வின் அதை 1869இல், தன் 1859 நூலின் ஐந்தாம் பதிப்பில் எடுத்துக்கொண்டார். அவருடைய அத்தை மகன் முறையான பிரான்சிஸ் கால்டன் 1883இல் யூஜெனிக்ஸ் என்று பெயர் வைத்து, நல்ல மனிதர்களைப் பெருக்கி மற்றவர்களைக் குறைக்கும் திட்டமாகவே ஆக்கினார். அமெரிக்காவில் 1927இல் உச்ச நீதிமன்றம், கேரி பக் என்ற இளம் பெண்ணுக்கு வலுக்கட்டாயமாகக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. மூன்று தலைமுறை மூளை வளர்ச்சியில்லாதவர்கள் போதும் என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். அந்த நாட்டில் மொத்தம் 60,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படி நடந்தது. ஜெர்மனியில் 1933 ஜூலையில் கட்டாயக் கருத்தடைச் சட்டம் வந்தது. சுமார் 4 லட்சம் பேர்.

இப்போது உன் ஊருக்கு வருகிறேன். நீ படிக்கும் பெர்லின் டாலெமில் இனெ தெருவில் ஒரு கட்டடம் இருக்கிறது. இப்போது உன் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். 1927இல் அங்கே மானுடவியல், மனிதப் பரம்பரை, யூஜெனிக்ஸ் ஆய்வுக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். முதல் இயக்குநர் ஆய்கன் ஃபிஷர். பின்னாளில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து நாஜி மருத்துவர் மெங்கலே, கைதிகளின் கண்களையும் ரத்தத்தையும் அனுப்பியது அந்த நிறுவனத்துக்குத்தான். பக்கத்தில் 2014இல் தோண்டியபோது மனித எலும்புகள் கிடைத்தன. யாருடையவை என்று பெயர் சொல்ல முடியாமலேயே 2023இல் அடக்கம் செய்தார்கள்.

அங்கே 1920களின் கடைசியில் நம் நாட்டுப் பெண் ஒருத்தி முனைவர் பட்டத்துக்குப் படித்தாள். ஐராவதி கார்வே. வெள்ளையர் மண்டையோட்டில் வலப்பக்கம் முன்பகுதி பெரிதாக இருக்கும், அதனால்தான் அவர்களுக்குப் பகுத்தறிவு அதிகம் என்பது ஃபிஷரின் எண்ணம். அதை நிரூபிக்கும் வேலை அவளுக்கு. 149 மண்டையோடுகளை அளந்தாள். அவற்றில் ஆப்பிரிக்காவின் ஜெர்மன் காலனிகளிலிருந்து கொண்டுவந்தவையும் உண்டு. அளந்து முடித்துவிட்டு, இனத்துக்கும் மண்டையோட்டின் கோணலுக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். உன்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் அதிகம் இருக்கும் அப்போது. பட்டம் தரப்போகிறவர் எதிரில் உட்கார்ந்திருக்க, அவர் விரும்பாத விடையை எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! இந்தியாவுக்குத் திரும்பிய பிறகு கார்வேயும் சாதிக்குச் சாதி உடலளவு எடுத்தவர்தான், அதையும் மறைக்காதே. ஆனால் பெர்லினில் செய்ததை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

உன் இரண்டாவது நண்பருக்கு நம் மலையிலேயே பதில் இருக்கிறது. ரத்தத்தின் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் சிக்கிள் செல் நோயை ஆப்பிரிக்க ரத்தத்துக்கு மட்டுமே உரியது என்று வெகுகாலம் நம்பினார்கள். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தில் அதே பண்பைக் கண்டு வெளியிட்டார்கள். 1954இல் அந்தோனி அலிசன், ஆப்பிரிக்காவில் செய்த ஆய்விலிருந்து காரணத்தைச் சொன்னார். தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தால் அது வெறும் பண்பு, மலேரியாவின் கடுமையிலிருந்து பாதுகாப்பு. இருவரிடமிருந்தும் வந்தால் கொடிய நோய். மலேரியாக் கொசு மிகுந்த பல இடங்களில் அந்தப் பண்பும் நிலைத்தது, தோல் நிறத்தை அது பார்க்கவில்லை. மலேரியா உள்ள அடிவாரத்தில் உயிர் காக்கும் அதே மரபணு, மலேரியா இல்லாத இடத்தில் ஒரு பயனும் தராது. இதில் எங்கே உயர்ந்தது, எங்கே தாழ்ந்தது? 1972இல் ரிச்சர்ட் லெவன்டின் கணக்குப் போட்டுப் பார்த்ததும் இதோடு சேரும்: மனிதர்களுக்குள் உள்ள மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஏணியைக் கழற்றிப் போட்டதும் பரிணாம அறிவியல்தான் என்று அவரிடம் சொல்.

எங்கள் பள்ளியில் ரத்தப் பரிசோதனை முகாம் நடந்தபோது நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துச் சிறு குழாயில் மருந்தோடு கலப்பார்கள். குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டையைப் பிடிப்பார்கள். கோடு தெரிந்தால் ஒன்றுமில்லை. கலங்கிக் கோடு மறைந்தால் அந்த ரத்தத்தில் சிக்கிள் இருக்கிறது. நோயா, வெறும் பண்பா என்பதை அடுத்த சோதனையில்தான் சொல்வார்கள். கோடு மறைந்த ஓர் இருளர் பெண், "டீச்சர், இனி எனக்குக் கல்யாணம் ஆகாதா?" என்று கேட்டாள். பதினோராம் வகுப்புப் பெண் கேட்கிற கேள்வியா அது!

எனக்கு இப்போதைய கவலை அதுதான். 2023இல் மத்திய அரசு சிக்கிள் செல் நோயை 2047க்குள் ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பரிசோதனை செய்து, முடிவை அட்டையில் குறித்துக் கொடுக்கிறார்கள். நல்ல வேலை, மனதார வரவேற்கிறேன். பண்பு உள்ள இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, அது அவர்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு முடிவெடுப்பது அவர்கள் பாடு. அந்த அட்டையை மாப்பிள்ளை வீட்டாரோ, ஊர்ப் பெரியவர்களோ, நாளைக்கு ஓர் அதிகாரியோ கையில் வாங்கிக்கொண்டு முடிவெடுக்க ஆரம்பித்தால், அதே ஒரு சொட்டு ரத்தம் கால்டன் பக்கம் போய்விடும்.

ஜெர்மனியில் மரபணுப் பரிசோதனைக்கென்று ஒரு சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பரிசோதனையோடு ஆலோசனைக்கும் இடம் தர வேண்டும், தன் முடிவைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்று படித்தேன். முழுச் சட்டத்தையும் படித்து, ஆலோசகர் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று இருக்கிறதா பார்த்து எனக்குத் தமிழில் எழுதி அனுப்பு. இங்கே சுகாதார நிலையத்து நர்ஸம்மா மலைக் கிராமங்களுக்குப் போகும்போது எப்படிப் பேசுவது என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். உன் செமினார் முடிந்த கையோடு செய்தால் போதும்.

அன்புடன்,
அம்மா