செவிலித்தாய் வைத்தது சீமாட்டிகள் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தாய்ப்பால் வாரத்தையொட்டி வெளியான கட்டுரை, பெற்ற பிள்ளையைக் கூலிக்குப் பாலூட்டும் செவிலித்தாயிடம் விட்டது பணக்காரப் பெண்களின் சொகுசு என்கிறது. பிரான்சின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

1780-இல் பாரிஸ் நகரக் காவல் தலைவர் லெனுவார் தந்த மதிப்பீட்டின்படி, அங்கே ஆண்டுக்குப் பிறந்தவை சுமார் 21,000 குழந்தைகள். பெற்றவளே பாலூட்டியது ஏறத்தாழ 1,000 குழந்தைகளுக்கு. வீட்டோடு செவிலித்தாய் வைத்துக்கொண்டது இன்னொரு 1,000. மற்ற குழந்தைகள் எல்லாம் வெளியூர் போயின. அனுப்பியவர்களில் பெரும்பாலோர் கைத்தொழிலாளரும் சிறு கடைக்காரரும்தான். லியோன் நகரப் பட்டு நெசவாளர் வீட்டில் மனைவியும் நூல் சுற்றி, தறியில் கைகொடுத்தால்தான் அடுப்பு எரியும். அவள் வேலையை விட்டால் போகும் வருமானத்தைவிட கிராமத்துச் செவிலித்தாயின் கூலி குறைவு.

கையில் இருந்த காசுதான் தூரத்தைத் தீர்மானித்தது. வசதியுள்ளவர் பிள்ளை வீட்டிலோ புறநகரிலோ வளர்ந்தது. ஏழையின் பிள்ளை தரகரின் வண்டியில் நாள்கணக்கில் குலுங்கிப் போனது. வழியிலேயே இறந்தவையும் உண்டு. அனாதைக் குழந்தைக்குக் கூலி மிகக் குறைவு என்பதால் வேறு பிள்ளை கிடைக்காத பெண்களே அதை ஏற்றார்கள்.

1769-இல் அரசு ஒரு பணியகம் அமைத்துச் செவிலித்தாயின் கூலிக்குப் பொறுப்பேற்றது. பாக்கி வைத்த தகப்பன் சிறைக்குப் போனான். ஊர்ப் பாதிரியாரின் நற்சான்று இல்லாமல் பெண்ணுக்கு வேலை கிடையாது. அப்படியும் கோளாறுகள் தீரவில்லை. தான் கருவுற்றது தெரிந்தால் பெற்றோர் பிள்ளையைத் திருப்பி அழைத்துக்கொள்வார்கள், கூலி நின்றுவிடும் என்று பயந்து செவிலித்தாய்கள் அதை மறைத்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளை ஏற்றவர்களும் இருந்தார்கள். பால் பற்றாதபோது மாவுக்கஞ்சி புகட்டினார்கள். பச்சைக் குழந்தையின் வயிறு அதைத் தாங்காது, பேதியில் போய்விடும்.

கட்டுரை தொடவே தொடாத ஒருவர் உண்டு: செவிலித்தாயின் சொந்தப் பிள்ளை. மருத்துவர் தியோஃபில் ரூசெல் கொண்டுவந்த 1874-ஆம் ஆண்டுச் சட்டம் அதையும் கணக்கில் எடுத்தது. செவிலித்தாயாகப் போகும் பெண்ணின் கடைசிக் குழந்தைக்கு 7 மாதம் நிறைந்திருக்க வேண்டும். இல்லையெனில் தகுதியுள்ள வேறொரு பெண் அதற்குப் பாலூட்டுகிறாள் என்று சான்று காட்ட வேண்டும். கூலிக்கு வெளியே வளரும் 2 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லாம் அரசின் கண்காணிப்புக்குள் வந்தன.

பாரிஸ் செல்வர் வீடுகளுக்குப் பாலூட்டப் போன மோர்வான் மலைநாட்டுப் பெண்கள் அந்தச் சம்பாத்தியத்தில் ஊரில் வீடு கட்டினார்கள். அவற்றுக்கு அங்கே ‘பால் வீடுகள்’ என்று பெயர். அவர்கள் பெற்ற பிள்ளைகள் ஊரிலேயே, பாட்டியிடமோ அண்டை வீட்டாரிடமோ இருந்தன.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை