ஞாயிற்றுக்கிழமை ஆம்பைத் திறக்காதே

அன்புள்ள மாப்ளே,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கே நான் இன்னும் பதில் எழுதவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், பெரியவளுக்குப் பரீட்சை என்று நாள் ஓடிவிட்டது. இரண்டும் நல்லபடியாக முடிந்தன. நம் நண்பன் தாடி வந்திருந்தான். கும்பகோணத்துச் செருப்பை இன்னும் கேட்கிறான், கொடுத்துத் தொலை.

அவன் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. உன் பேஸ் கிட்டார் ஆம்ப் ‘ம்ம்ம்’ என்று ஹம் அடிக்கிறதாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை நீயே திறந்து உள்ளே இருக்கிற கண்ணாடி வால்வை மாற்றப் போகிறாயாம். கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

போன மாதம் என் பேஸ் ஆம்ப் எஸ்விடி-யில் நடந்ததைக் கேள். ஒத்திகை முடிகிற நேரம். கீழ் ஸ்வரத்தில் இருந்த கெட்டித்தனம் போய், சத்தம் கொழகொழவென்று ஆனது. பின்னால் குனிந்து பார்த்தேன். ஸ்பீக்கருக்குப் பவர் கொடுக்கிற ஆறு 6550 வால்வுகளில் இரண்டாவது மட்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. உள்ளே ஆரஞ்சாக ஒளிர்கிற ஃபிலமென்ட்டைச் சொல்லவில்லை. அதைச் சுற்றியிருக்கிற சாம்பல் நிறப் பிளேட்டே உலையில் போட்ட இரும்பு மாதிரி சிவந்திருந்தது. உடனே அணைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் டிரான்ஸ்ஃபார்மருக்கே ஆபத்து. நீயும் நானும் மூச்சு வாங்க மாடிக்குத் தூக்கிய அந்த நாற்பது கிலோவில் பாதி எடை அதில்தானே இருக்கிறது!

மறுநாள் மைக்செட் அண்ணன் வந்தார். வால்வு நன்றாக ஆறியதும் இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போடச் சொன்னார். சிவப்பு வால்வோடு சேர்ந்து நகர்ந்தால் கோளாறு வால்வில். பழைய இடத்திலேயே நின்றால் சாக்கெட்டிலோ, அதற்குப் போகிற ரெசிஸ்டரிலோ, கண்டென்சரிலோ. எங்களுக்கு வால்வோடு நகர்ந்தது. ஒன்றை மட்டும் வாங்கலாமா என்று கேட்டதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மூன்று வால்வு ஒரு பக்கம் தள்ள, மூன்று மறுபக்கம் இழுக்க, அப்படி 300 வாட் வருகிறது. ஆறும் ஒரே அளவு கரண்ட் இழுக்க வேண்டும். ஒன்று சோம்பினால் மற்றவை அதன் சுமையையும் சேர்த்துச் சுமக்கும். அதனால் ஆறையும் ஒரே செட்டாக, கரண்ட் பொருத்திப் பார்த்ததாக வாங்கினேன்.

உன் ஹம்முக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால்தான் பவர் சப்ளையின் ஹம் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு அடங்கும். ஆனால் பவர் சப்ளையின் ஹம்மை வடிகட்டுகிற ஃபில்டர் கண்டென்சர் வயதாகிப் போனதாகவும் இருக்கலாம், அப்படியானால் புது வால்வு வாங்குகிற காசு வீண்.

6550-க்குப் பதில் கேடி88 வால்வு போடலாமா என்று கேட்டாயாமே. அடியில் இருக்கிற பின்கள் ஒத்துப்போகும், ஹீட்டர் கரண்டும் அதே 1.6 ஆம்பியர்தான். கண்ணாடி குண்டாக இருக்கும், இடம் இருக்கிறதா என்று அளந்து பார். எனக்கென்னவோ பேஸுக்கு 6550-இன் இறுக்கம்தான் பிடிக்கும். இஎல்34 என்கிற வால்வு மட்டும் வேண்டாம். முதல் பின்னிலேயே கணக்கு வேறு.

எதைப் போட்டாலும் பயஸை, அதாவது வாசிக்காமல் சும்மா இருக்கும்போது வால்வில் ஓடுகிற கரண்டை, பார்க்காமல் வாசிக்கத் தொடங்காதே. பயஸ் குறைவாக வைத்தால் மென்மையாக வாசிக்கும்போது ஒலி கரகரக்கும். கூட்டி வைத்தால் என் இரண்டாம் நம்பர் கதிதான். என்னுடையதில் பிளேட்டில் சுமார் 700 வோல்ட், ஆளுக்கு 24 மில்லி ஆம்பியர் வைத்தோம். பெருக்கினால் கிட்டத்தட்ட 17 வாட். வால்வு தாங்குவது 35 என்று வைத்தால் அதில் பாதி. என் எண்ணை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளாதே, உன் ஆம்பின் வோல்டேஜ் வேறு.

அண்ணன் தகர டப்பாவிலிருந்து நாலு இசிசி83 எடுத்துக் கொடுத்தார், ஒலியை முதலில் பெருக்குகிற சின்ன வால்வுகள். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்தவை. கோயில் திருவிழா ஆம்ப்ளிஃபயர்களிலிருந்து கழற்றிச் சேர்த்து வைத்திருந்தாராம். பென்சிலால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தோம். ஒன்று மணி மாதிரி ஸ்பீக்கரில் கேட்டது, அதை ஒதுக்கினோம். மற்ற மூன்றும் அமைதி. முன்வரிசையில் ஒன்றைப் போட்டு திறந்த ஈ தந்தியைத் தட்டினேன். மாப்ளே, நம் பழைய ரூமில் ஜன்னல் கம்பி அதிருமே, அதே சத்தம்! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இப்போது முக்கியமானது. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆம்ப் செத்துவிட்டது என்று நினைக்காதே. உள்ளே இருக்கிற கண்டென்சர்கள் நூற்றுக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அண்ணன் எப்போதும் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் சேஸிஸுக்குள் கை விடுவார். இரண்டு கையும் பட்டால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகும். இளவயதில் ஒரு தடவை வாங்கியிருக்கிறார், அதைச் சொல்லும்போது இப்போதும் அவர் குரல் இறங்குகிறது. ரெசிஸ்டர் வைத்து மெல்ல வடித்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் தொட வேண்டும். அப்புறம், ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் பண்ணவே கூடாது.

உனக்கு இரண்டு பிள்ளைகள். நீ அவசரக்காரன். எழுதிப் பார்த்தும் எனக்கு மனசு ஆறவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. மீட்டரும் அந்த மீதி இரண்டு இசிசி83-உம் பையில் இருக்கும். சனிக்கிழமை காலை கோவை ஸ்டேஷனுக்கு வந்துவிடு. அதுவரை ஸ்க்ரூ டிரைவரைச் சின்னவனிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்